பிரபுவுக்கு ஊற்றிய மருத்துநீர்

பாரிசின் லா சப்பலில் என்னைவிட வயது கூடியவர் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் இறந்து எழுநூறு வருடம் ஆகியிருந்தது.

மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் பாதிரியார் கோவிப்பார், அவர் கோவித்தால் குளிர்காலத்தில் சூடு போடும் இயந்திரத்தைக் குறைத்துவிடுவார். அந்தத் தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம் தரையோடு பதித்த ஒரு கல்லறைப் பலகை உண்டு. பலகையில் ஒரு பிரபு கைகூப்பிப் படுத்திருக்கிறார். காலடியில் ஒரு நாய். எழுநூறு வருடமாகச் சனங்கள் மிதித்ததில் பிரபுவின் முகமும் பெயரும் தேய்ந்துபோயின. நாய் மட்டும் காதோடு மூக்கோடு அப்படியே இருக்கிறது. நாயை ஒருவரும் மிதிக்கவில்லை. இந்த நாட்டில் அப்போதும் அப்படித்தான்.

பிரபுவின் இடது தோளில் ஒரு துளை. பலகையைத் தூக்குவதற்கு முன்னொரு காலத்தில் இரும்பு வளையம் மாட்டியிருந்த இடம். இரண்டு விரல் சேர்த்துப் போகும். இந்தத் துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சைவ சமயத்துக்காரன். ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போவேன். வீட்டுக் கதவின் திறப்புத் தொலைந்தால் பிள்ளையாரைவிட அவர் வேகமாகத் தேடித் தருவார். மற்ற நாட்களில் மதாம் மர்கரீத்தின் கோப்பிக்காகப் போவேன். மர்கரீத் புதுச்சேரிக்காரி. தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். தேவாலயத்துப் பூவும் மெழுகுதிரியும் சாவியும் அவர் பொறுப்பு. நான் சொல்லும் எதையும் நம்பமாட்டார். அது அவருடைய பிழையில்லை. சேன்-மார்த்தன் கால்வாயில் ஒரு முதலை என் சப்பாத்தைக் கவ்விக்கொண்டு போய், மூன்றாம் நாள் கழுவித் திருப்பிக் கொண்டுவந்து வைத்த கதையை நான் அவருக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தரமும் வேறு வேறு காலின் சப்பாத்து.

இனி மருத்துநீர். எங்கள் பக்கத்தில் சித்திரை வருடப்பிறப்பன்று குளிக்கமுன் தலையில் வைக்கிற தண்ணீர் அது. மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு, குங்குமப்பூ, தாமரை இதழ், வில்வம், பசும்பால், பசுவிடமிருந்து கிடைக்கும் வேறு சில சாமான்கள், எல்லாம் போட்டுக் காய்ச்சுவார்கள். இங்கே போத்தல் கொண்டுபோனால் கோவிலில் நிரப்பித் தருகிறார்கள். அதற்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, வயதில் மூத்தவர்தான் தலையில் வைத்துவிட வேண்டும். இரண்டு, மிச்சத்தைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது.

மனைவி போனபிறகு இந்த இரண்டு சட்டமும் எனக்குப் பெரிய கரைச்சலாகப் போயின. அறுபது தாண்டித் தனித்துப்போனவனுக்கு மூத்தவரை எங்கே தேடுவது? நாலாம் மாடி ஒற்றை அறையில் பூமரமும் இல்லை, கிணற்றடியும் இல்லை; மிச்சத்தை எங்கே ஊற்றுவது? கைகழுவும் தொட்டியில் ஊற்றினால் மூன்றாம் மாடி, இரண்டாம் மாடிக் கழிவோடு கலந்து போகும். யோசித்துப் பார்த்ததில் இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வந்தது. பிரபு.

சித்திரை வருடப்பிறப்புக் காலையில் போத்தலோடு போவேன். மர்கரீத் பூச்சாடி கழுவப் போகும் நேரம் பார்த்து, பிரபுவின் கூப்பிய கையில் ஒரு துளி தொட்டு, அதை என் தலையில் வைத்துக்கொள்வேன். மூத்தவர் வைத்த கணக்கு. பிறகு மிச்சத்தைத் துளைக்குள் ஊற்றுவேன். பலகையின் மேலே கால் படும்; கீழே யாருடைய கால் படப்போகிறது? அவருடைய கால்தான், அதுவும் நடக்காத கால். இப்படிப் பத்தொன்பது வருடம். ஒருவருக்கும் தெரியாது.

போன வருடம் தை மாதம் தரைக்குக் கீழே சூட்டுக் குழாய் வெடித்தது. திருத்த வந்தவர்கள் வடக்குச் சுவரோரம் தோண்டவேண்டும் என்றார்கள். பழைய கட்டடம் என்றபடியால் முதலில் தொல்லியல்காரர் வரவேண்டும் என்று சட்டம். கடிதம் போய், கடிதம் வந்து, வைகாசி முதற் கிழமை ஆனைஸ் வந்தாள்.

முப்பது வயதிருக்கும். முழங்காலில் ஊத்தை, காதுக்குப் பின்னால் பென்சில். பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, கீழே இருந்த கற்தொட்டிக்குள் தூரிகையோடு இறங்கினாள். மத்தியானத்தில் ஃபொபூர் சேன்-தெனி வீதியில் எங்கள் யோகராணியின் பலசரக்குக் கடையில் ரோல்ஸ் வாங்கிவந்து படிக்கட்டில் இருந்து சாப்பிடுவாள். நான் பக்கத்தில் இருப்பேன். முப்பத்தொரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிப் படித்த என் குசினிப் பிரெஞ்சு அவளுக்கு நன்றாக விளங்கியது. முதலைக் கதையை அவளுக்கும் சொன்னேன். பிரபு குளிர்காலத்தில் இருமுவார் என்றும் சொன்னேன். என் பாட்டனாரின் யானை பிரெஞ்சில் எண்ணும், ஆனால் எழுபதை 'அறுபது-பத்து' என்று சொல்லவேண்டிய இடத்தில் அதற்கும் சிக்கல் என்றும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இந்தக் கதைகளால் நான் பிறகு படப்போகிற பாடு அப்போது எனக்குத் தெரியாது.

பிரபு யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. அந்த இடத்தில் புதைக்கப்பட்ட பிரபுக் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் றொஜர், சிலுவைப் போருக்குப் போய்க் கிழக்கே செத்தவர். எலும்பைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு பேச்சு. தம்பி யோன், இங்கேயே இருந்து செத்தவர். கற்தொட்டி ஒன்றுதான் கிடைத்தது. உள்ளே இருப்பவர் அண்ணனா தம்பியா?

"தெரியாவிட்டால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"பெயர் தெரிந்தால் பலகையில் பெயர் வெட்டி இங்கேயே திரும்ப வைப்பார்கள். தெரியாவிட்டால் ஒரு மட்டைப்பெட்டி, அதிலே ஒரு இலக்கம், புறநகரில் ஒரு களஞ்சியம்."

"என்னண்டு கொண்டுபோவியள்?"

"வான் வண்டியில். இல்லாவிட்டால் என் மடியில் வைத்து, ஆர்-ஈ-ஆர் ரயிலில்."

என்னுடைய ஒரே மூத்தவர் கார் து நோர் நிலையத்தில் ரயில் மாறுவதை நினைத்துப் பார்த்தேன். 

ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஆனைஸ் ஓடிவந்தாள். கையில் ஆய்வுகூடத்துத் தாள்கள். பின்னால் அவளுடைய பேராசிரியர் பெர்னார், வெள்ளைத் தாடி, இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில்.

"முசியே குலசேகரம், அவர் றொஜர்தான்! கிழக்கே போனவர்தான்!" என்றாள். "இடது தோளெலும்பு முழுக்க மஞ்சள் கறை என்று சொன்னேன் அல்லவா? அது என்னவென்று தெரிந்துவிட்டது. கேளுங்கள். மஞ்சள். மிளகு. திப்பிலி. இஞ்சி. குங்குமப்பூ."

நான் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தேன்.

"தாமரை!" என்றார் பெர்னார், பாடகர் மேல் சுருதி பிடிப்பதுபோல. "இந்தியாப் பக்கத்தில் மட்டும் வளரும் ஒரு மரத்தின் இலை! பசுவின் பால்! பிரபுவின் காயத்துக்கு ஒரு கீழைத்தேய வைத்தியர் மருந்து கட்டியிருக்கிறார். எழுநூறு வருடம் கழித்தும் வாசம் போகவில்லை!"

போகாது. ஏப்ரல் பதினாலாம் தேதி ஊற்றியது. அன்றைக்கு எட்டுக் கிழமைதான் ஆகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை அறிவிக்கிறோம்," என்றாள் ஆனைஸ். "நகரபிதா வருகிறார். பத்திரிகைக்காரர் வருகிறார்கள். அறிக்கையில் முதற் பெயர் என்னுடையது." அவளுடைய தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது, இந்தப் பெயர் சரிவந்தால் நிரந்தர வேலை. இதை அவள் ரோல்ஸ் சாப்பிடும்போது எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். சரிவராவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை. பிறகு எவனாவது கெட்டிக்காரன் அந்த மஞ்சளின் வயதைச் சோதித்தால், இந்த நாட்டில் எலும்பு தோண்டுகிற எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது எனக்கே விளங்கியது.

நேரே யோகராணியின் கடைக்குப் போனேன். யாரிடமாவது சொல்லிப் பார்க்கவேண்டும்போல இருந்தது. சொன்னேன். அவள் முருங்கைக்காய்க் கட்டைத் தராசில் வைத்தபடி கேட்டாள்.

"அண்ணை, அந்த முதலைக் கதையே பரவாயில்லை," என்றாள். "அதிலை ஒரு நியாயம் இருந்தது."

"இது உண்மை, பிள்ளை."

"ஓம் ஓம். முதலையும் உண்மை எண்டுதானே சொன்னனீங்கள்."

வீட்டுக்குப் போய்க் கட்டிலில் இருந்து யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிரபு தேவாலயத்திலேயே இருப்பார், அண்ணனுடைய பெயரில். வாயைத் திறந்தால் பெயர் போய்விடும். பெயர் போனால் மட்டைப்பெட்டி. திறக்காமல் இருப்பதுதான் எல்லாருக்கும் சுகம் என்று முதலில் பட்டது. அவர் றொஜராகவும் இருக்கக்கூடும்தானே. ஆனால் அவரைக் கிழக்கே அனுப்பியது நான் ஊற்றிய தண்ணீர் அல்லவா.

அப்போதுதான் அருமைநாயகத்தின் ஞாபகம் வந்தது. எண்பத்தாறாம் ஆண்டு நான் இந்த ஊரில் வந்து இறங்கியபோது என் பெயர் அருமைநாயகம். கடவுச்சீட்டு அவருடையது, தலை மட்டும் என்னுடையது. என் பெயரில் விசா கிடைக்கும்வரை மூன்று வருடம் அருமைநாயகமாக இருந்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழக ஆறு மாதம் எடுத்தது. அவருடைய பிறந்தநாளுக்கு எனக்குக் கேக் வெட்டினார்கள். அருமைநாயகத்துக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று யாரோ ஒருவன் கிளப்பிவிட, மூன்று வருடம் நான் இறால் தொடவில்லை. பாரிஸ் முழுக்க இறால் பொரிகிற வாசம் அந்த மூன்று வருடத்தில் அடித்ததுபோல் முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை.

மூன்று வருடத்துக்கே இப்படியென்றால், உலகம் உள்ளவரைக்கும் கல்லில் வெட்டிய பெயர் என்றால் மனுசன் என்ன பாடுபடுவார்?

புதன்கிழமை காலை போனேன். ஆனைஸ் மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். மர்கரீத் லில்லிப்பூவின் காம்பை வெட்டிக்கொண்டிருந்தார். நான் தொப்பியைக் கழற்றினேன்.

"மத்மசெல், அந்த மருந்து கட்டின கீழைத்தேய வைத்தியர் நான்தான்," என்றேன்.

ஆனைஸ் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மருத்துநீர், சித்திரை, மூத்தவர், துளை என்று நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். "முதலையைவிட இது நல்லாயிருக்கிறது," என்றாள். அந்த முதலையை அன்றைக்கு நான் மனதார வெறுத்தேன்.

"முசியே குலசேகரம்," என்றார் மர்கரீத், கத்தரிக்கோலோடு. "அந்தப் பொண்ணு வேலைய விடுங்க. வெள்ளிக்கெழமை மேர் வர்றாரு. உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?"

"மதாம், உங்கடை அந்தோனியார் மேலை சத்தியமாய்."

"போன மாசம் மொதலைக்கும் அவரு மேலதான் சத்தியம் பண்ணீங்க!"

அதுவும் உண்மைதான். நான் சொன்ன ஒரே நிசத்தை நம்ப ஆளில்லாமல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போகத்தான் பார்த்தேன். கதவடியில் போனபோது ஒன்று ஞாபகம் வந்தது.

"மத்மசெல், தொட்டிக்குள்ளை ஒரு நீல மூடி கிடந்ததோ?"

சிரிப்பு நின்றது.

"இவ்வளவு அகலம்," என்று விரலால் காட்டினேன். "தகர மூடி. ஆறேழு வருசத்துக்கு முன்னம் கை தவறி உள்ளை விழுந்தது. எடுக்க ஏலாமல் போச்சு."

 ஆனைஸ் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பையை எடுத்தாள். 'தற்காலக் குப்பை' என்று எழுதியிருந்தது. ஒரு மெழுகுதிரித் துண்டு, ஒரு கொண்டை ஊசி, யாரோ ஒரு பிள்ளை திணித்த மெத்ரோ டிக்கெட். எல்லாவற்றுக்கும் அடியில் நீல மூடி.

"இது யாருக்கும் தெரியாது," என்றாள் மெதுவாக. "பேராசிரியருக்குக்கூட நான் காட்டவில்லை."

"கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "போத்தல் வீட்டிலை கிடக்கு."

நாலு மாடி ஏறி, நாலு மாடி இறங்கி வந்தேன். எழுபத்தொன்பது வயதில் அதை ஆறு நிமிடத்தில் செய்தேன். இதையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. போத்தல் பழைய சர்பத் போத்தல், கண்ணாடி. மூடி போனபிறகு துணி அடைத்து வைத்திருந்தேன். அடியில், மர்கரீத் திரும்பிவரும் சத்தம் கேட்டு ஊற்றாமல் விட்ட இந்த வருடத்து மருத்துநீர் ஒரு விரல் உயரம் கிடந்தது. ஆனைஸ் மூடியை எடுத்துப் போத்தலில் வைத்துத் திருகினாள். இரண்டு சுற்று. இறுக்கமாகப் பொருந்தியது. பிறகு திரும்பத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாசத்துக்குள்தான் அவள் ஐந்து கிழமை முழங்காலில் இருந்தாள்.

"எத்தனை வருடம்?" என்று கேட்டாள்.

"பத்தொன்பது."

மர்கரீத் கத்தரிக்கோலை வைத்துவிட்டு முதல் வரிசை வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். "சேசுவே," என்றார். "நான் பூச்சாடி கழுவுறப்பவா?"

"நீங்கள் நல்ல வடிவாய்க் கழுவுவியள், மதாம். நேரம் எடுக்கும்."

ஆனைஸ் எழுந்து போய், சுவரில் சாய்த்திருந்த பலகையை அளந்தாள். தலைமாட்டு விளிம்பிலிருந்து துளை அறுபத்தொரு சென்ரிமீற்றர். தொட்டியின் படத்தில் தலைமாட்டிலிருந்து மஞ்சள் கறையின் நடு அறுபத்தொன்று. அளவுநாடாவைச் சுருட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நாடாவை மட்டும் மூன்று தரம் விரித்துச் சுருட்டினாள்.

"எனக்கு இனிப் பெயர் இல்லை," என்றாள். "வெள்ளிக்கிழமை நான் என்ன சொல்ல?"

 மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது தெரிந்தது, பாரிசில் நான் உணவகத்துக்கு வெளியே மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்தரம் என்று.

பெர்னார் பின்னேரம் வந்தார். ஆனைஸ் போத்தலை அவர் மூக்கடியில் நீட்டினாள். அவர் முகர்ந்தார், என்னைப் பார்த்தார், நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றிவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு முழுக்கதையையும் கேட்டார். முடிவில் வாங்கில் சரிந்து, தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நாற்பது வருடம் வேலை செய்கிறேன்," என்றார். "இவ்வளவு அழகான பிழையை நான் விட்டதேயில்லை!"

சிரித்து முடிந்ததும் அவர்தான் கேட்டார். "சரி. கறையைத் துடைத்துவிட்டால் அந்தத் தோளில் என்ன மிச்சம்?"

 ஆனைஸ் தாள்களைப் புரட்டினாள். "காறையெலும்பு," என்றாள். "இடது காறையெலும்பு முறிந்து பொருந்தியிருக்கிறது. முதல் நாளே எழுதினேன். மருந்தைப் பார்த்தவுடன் போர்க்காயம் என்று முடிவுகட்டினோம்."

"வெட்டுக்காயமா?"

"இல்லை." அவள் குரல் மாறியது. "வெட்டு அடையாளமே இல்லை. விழுந்து முறிந்த முறிவு. இளவயதில். அதற்குப் பிறகு முப்பது நாற்பது வருடம் வாழ்ந்திருக்கிறார்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த கணம் பென்சிலையும் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எங்கே என்று பிறகு தெரிந்தது: அந்தக் காலத்து மடாலயம் ஒன்றின் குறிப்பேடு இருக்கும் சுவடிக்கூடத்துக்கு. அண்ணனைப் பற்றிய பக்கங்களைத்தான் அதுவரை படித்திருந்தார்கள். தம்பியைப் பற்றி அரைப் பக்கம்தான் இருந்தது, அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

வியாழன் மத்தியானம் ஆனைஸ் யோகராணியின் கடை வாசலிலேயே என்னைப் பிடித்துவிட்டாள். கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தாள். லத்தீனைப் பிரெஞ்சாக்கிச் சொன்னாள். அதை நான் தமிழாக்குகிறேன், அழகு குறைந்தால் என் பிழை.

"பிரபு யோன், அண்ணன் றொஜரோடு புனிதப் போருக்குப் புறப்பட்டார். சேன்-தெனி வீதியில், முதல் மணி அடிக்கும் முன்பே, குதிரை ஒரு வாத்துக் கூட்டத்துக்கு வெருண்டு அவரை இடது தோள் பட வீழ்த்தியது. எலும்பு முறிந்தது. வீட்டுக்குத் திரும்பினார். பிறகு எங்கும் போகவில்லை. நல்ல மனிதர். தேவாலயத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். நாயோடு அடக்கம் செய்யக் கேட்டார். நாய் உயிரோடிருந்தபடியால் கல்லில் மட்டும் செதுக்கினோம்."

"வாத்து!" என்றேன்.

"வாத்து," என்றாள் ஆனைஸ், கண் பளபளக்க.

யோகராணி கடைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தாள். "என்னவாம் அண்ணை?"

"நான் தண்ணி வார்த்த பிரபு போருக்குப் போக வெளிக்கிட்டு, உன்ரை கடை வாசலிலை குதிரையாலை விழுந்தவராம். வாத்தாலை."

"உங்களுக்கு வேறை வேலை இல்லை," என்று உள்ளே போய்விட்டாள்.

கடை வாசல் என்று குறிப்பேட்டில் இல்லைதான். ஆனால் அதே வீதி. அந்த இடத்தில் நடைபாதைக் கல்லு ஒன்று மேலே தள்ளி நிற்கிறது. நானே அதில் இரண்டு தரம் தடக்கியிருக்கிறேன், இரண்டு தரமும் இடது பக்கம்.

வெள்ளிக்கிழமை நகரபிதா வந்தார். ஆனைஸ் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, இவர் யோன் பிரபு, போருக்குப் போகாதவர் என்றாள். மஞ்சளையும் ஒளிக்கவில்லை, நாங்கள் முதலில் எப்படிப் பிழைவிட்டோம் என்று அவளே சொன்னாள். சனம் சிரித்தது, ஆனால் அவளைப் பார்த்து அல்ல, அவளோடு சேர்ந்து. பத்திரிகைக்காரர் வாத்தைத்தான் பெரிய எழுத்தில் போட்டார்கள். மர்கரீத் பிரபுவுக்கு மூன்று லில்லியும் நாய்க்கு ஒன்றும் வைத்தார்.

ஐப்பசியில் அவரைத் திரும்ப உள்ளே வைத்தார்கள். பலகையில் புதிதாய் வெட்டிய பெயர்: யோன். ஆனைசுக்கு வேலை நிரந்தரமானது. ஒரே ஒரு கெட்ட செய்தி, துளையைப் பித்தளை அடைப்புப் போட்டு மூடிவிட்டார்கள். பெர்னாரின் கட்டளை. "முசியே குலசேகரம் நூறு வயதுவரை இருப்பார்போலத் தெரிகிறது," என்றாராம்.

அப்படியென்றால் மிச்சத்தை எங்கே ஊற்றுவது? ஆறு மாதம் இதே கவலையாக இருந்தது. இந்தச் சித்திரைக்கு வழக்கம்போலப் போனேன். இம்முறை மர்கரீத் பூச்சாடியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று காவல் காத்தார். பிரபுவின் கையில் ஒரு துளி தொட்டுத் தலையில் வைத்தேன். "யோன் ஐயா, புதுவருசம்," என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். அவர் இருமினார். மர்கரீத் அது தான்தான் என்கிறார்.

திரும்பினால் ஆனைஸ் நிற்கிறாள், கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியோடு. இனிமேல் எங்காவது எலும்பில் மஞ்சள் கண்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வுகூடத்துக்கு ஒரு மாதிரி வேண்டுமாம். ஒவ்வொரு வருடமும் வேண்டுமாம். மிச்சம் முழுவதையும் அதற்குள் ஊற்றினேன். ஒரு சொட்டும் கால்பட்ட இடத்தில் சிந்தவில்லை. ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியில், மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள். குப்பியில் ஒட்டிய தாளில் திகதியும், பெயரும். குலசேகரம் என்று.

இதை யோகராணியிடம் சொன்னேன். "முதலை சுகமாய் இருக்குதோ அண்ணை?" என்று கேட்டாள்.

குலசேகரத்துக்கு அரைக் கிலோ இறால் நிறுக்கச் சொன்னேன்.